பேசியது எந்தப் போர்ட்? அடுக்கு ஹப்புகளும் அவற்றினுள் இருக்கும் ரிக் சில்லும்: ஒரு மதிப்புரை

கணினி வலையமைப்புப் பாடத்தின் ஆய்வகத்துக்காக, தலா 12 போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட நான்கு 10பேஸ்-டி (முறுக்கிணைக் கேபிளில் 10 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஈதர்நெட்) அடுக்கு ஹப்புகளைப் பழைய கணினிப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 3,600 ரூபாய்க்கு வாங்கினேன். ஓராண்டாக அவற்றை மாணவர்களோடு சேர்ந்து பயன்படுத்தியும், சிலமுறை மூடியைக் கழற்றி, சிக்னலை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் முனையை வைத்துப் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். பெட்டியைச் செய்தவர்களின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் குறிப்பிடவில்லை. நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அப்பெட்டிகளின் நடுவே இருக்கும் ஒரே ஒரு சில்லைப் பற்றியது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் செய்த டிபி83950பி என்ற அந்தச் சில்லை, அத்துறையில் இருந்தவர்கள் சுருக்கமாக ரிக் (ரிப்பீட்டர் இன்டர்ஃபேஸ் கன்ட்ரோலர்) என்று அழைத்தார்கள். அந்நிறுவனத்தை 2011-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிவிட்டது. சில்லு சந்தையிலிருந்து மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆனால் அது தீர்த்த சிக்கலை இவ்வளவு தெளிவாகத் தீர்த்த வேறொரு சாதனத்தை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

இன்று யாரும் அலுவலகத்துக்கு ஹப் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. ரிப்பீட்டர்களைக் கொண்டு (வந்த சிக்னலை மீண்டும் வெளியே அனுப்பும் சாதனங்கள் அவை, ஹப்பும் அவற்றுள் ஒன்று) வலையமைப்பின் பகுதிகளை இணைக்கும் முறையைப் பின்பற்ற வேண்டாம் என்று ஈதர்நெட்டுக்கான 802.3 தரநிலையே 2011-இலிருந்து சொல்லிவிட்டது. எனக்கு வேண்டியிருந்ததோ வேறு. ஒரே கம்பியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது என்ன நேர்கிறது, மோதல் (ஒருவருக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் பேசிச் சிக்னல்கள் சிதைவது) எப்படி இருக்கும், அது எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பவற்றை மாணவர்கள் கண்ணால் காண வேண்டும். இன்று ஹப்பின் இடத்தில் இருக்கும் ஸ்விட்ச் இதைக் காட்டாது. மோதலே நிகழாத ஏற்பாட்டைச் செய்துவிட்டு, மோதலைப் பற்றி அதைக் கொண்டே பாடம் நடத்த முடியாது.

ஹப் ஒன்றை மதிப்பிடுவதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல், சற்று முன் பேசியது எந்தப் போர்ட் என்று அதனால் சொல்ல முடிகிறதா என்பதுதான். கேட்பதற்கு எளிய கேள்வியாகத் தோன்றினாலும் ரிப்பீட்டரின் இயல்புக்கு இது எதிரானது. ஸ்விட்ச் ஒவ்வொரு பாக்கெட்டையும் (கணினி ஒரு தடவையில் அனுப்பும் பிட்டுகளின் தொகுதி) முழுவதுமாக வாங்கி, அனுப்பியவரின் முகவரியைப் படித்து, அதை இன்ன போர்ட்டில் கண்டேன் என்று ஓர் அட்டவணையில் எழுதி வைத்துக்கொள்கிறது. ரிப்பீட்டர் எதையும் படிப்பதில்லை, எழுதி வைப்பதுமில்லை. ஒரு போர்ட்டில் வந்த பிட்டுகளைச் செம்மைப்படுத்தி மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அப்படியே வெளியே விடுகிறது. வெளியே போன பிட்டுகளில், அவை எந்தப் போர்ட்டின் வழியாக உள்ளே வந்தன என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. பாக்கெட்டின் முகவரி எந்தக் கணினி என்று சொல்லும். அந்தக் கணினியின் கேபிள் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்று சொல்லாது. சிதைந்த பாக்கெட்டாக இருந்தால் முகவரியையும் நம்ப முடியாது. ஆகவே போர்ட்டைப் பற்றிய செய்தி, பெறும் இணைக் கம்பியில் சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சில மைக்ரோநொடிகளுக்கு மட்டுமே உலகில் இருக்கிறது. அப்போது பிடிக்காவிட்டால் பிறகு எங்கு தேடியும் கிடைக்காது.

ஒரே பெட்டிக்குள் இருக்கும் 12 போர்ட்டுகளில் இதைப் பிடிப்பது கடினமல்ல. நான்கு பெட்டிகளை அடுக்கி 48 போர்ட்டுகளாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சாதாரண கேபிளால் ஒரு ஹப்பின் போர்ட்டை அடுத்த ஹப்பின் போர்ட்டோடு இணைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு ஹப்பும் தனி ரிப்பீட்டராகக் கணக்கில் வரும். 10 மெகாபிட் ஈதர்நெட்டில் இரு கணினிகளுக்கு இடையே நான்கு ரிப்பீட்டர்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பாடப்புத்தகங்களில் உள்ள பழைய விதி. அதன் அடிப்படை, மோதல் நிகழ்ந்த செய்தி 512 பிட் நேரத்துக்குள், அதாவது 51.2 மைக்ரோநொடிக்குள், அனுப்பியவருக்குத் திரும்பி வந்தாக வேண்டும் என்பதாகும். அடுக்கு ஹப் இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்க வேறு வழி தேடுகிறது. பின்புறத்தில் உள்ள தனிக் கேபிள் மூலம் நான்கு பெட்டிகளும் ஒரே ரிப்பீட்டரைப் போல நடந்துகொண்டால், விதியின் முன் அவை ஒன்றாகவே எண்ணப்படும். அப்படி நடந்துகொள்வதற்கு, நான்காவது பெட்டியின் பதினோராவது போர்ட்டில் சிக்னல் வந்துவிட்டது என்ற செய்தி முதல் பெட்டிக்கு ஒரு சில பிட் நேரத்துக்குள் தெரிந்தாக வேண்டும். ஒரு பிட் என்பது 100 நானோநொடி.

ரிக் சில்லை வடிவமைத்தவர்களின் கூர்மை இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. 48 போர்ட்டுகளில் எத்தனை இப்போது செயல்படுகின்றன என்ற எண்ணிக்கை யாருக்கும் வேண்டியதில்லை என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். ரிப்பீட்டரின் நடத்தைக்கு வேண்டியதெல்லாம் மூன்று நிலைகளைப் பிரித்தறிவது: ஒருவரும் பேசவில்லை, ஒருவர் மட்டும் பேசுகிறார், ஒருவருக்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள். ஐந்து பேர் பேசினாலும் முப்பது பேர் பேசினாலும் விளைவு ஒன்றே. எல்லாப் போர்ட்டுகளிலும் குழப்பச் சிக்னலை அனுப்பி, மோதல் நேர்ந்துவிட்டது என்று அறிவிக்க வேண்டும்.

இந்த மூன்று நிலைகளைத் தெரிவிக்கச் சில்லுகளுக்கு இடையே ஒரு சிறிய பஸ் (எல்லாச் சில்லுகளும் பகிரும் கம்பித் தொகுதி) ஓடுகிறது. அதில் தரவுக்கும் அதன் கடிகாரத்துக்கும், தரவு ஓடுகிறது என்பதைக் குறிக்கும் இசைவுச் சிக்னலுக்குமாக மூன்று கம்பிகள் உள்ளன. பேசும் போர்ட்டை உடைய சில்லு மட்டும் அவற்றை இயக்கும், மற்றவை கேட்டுக்கொண்டிருக்கும். செயல்பாட்டைச் சொல்ல வேறு மூன்று கம்பிகள் உள்ளன. ஆக்ட்-என் என்ற கம்பி, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு போர்ட் எங்கோ ஒரு சில்லில் இருக்கிறது, அதில் செயல்பாடு இருக்கிறது என்று சொல்கிறது. எனி-எக்ஸ்-என் என்ற கம்பி, அந்தப் போர்ட்டைத் தவிர வேறு ஏதேனும் ஒன்றிலும் செயல்பாடு இருக்கிறது என்கிறது. கோல்-என் என்ற கம்பி, தேர்ந்தெடுக்கப்பட்ட போர்ட்டே மோதலைச் சந்திக்கிறது என்கிறது. இவ்வளவுதான். ஒவ்வொரு சில்லும் இந்த மூன்று கம்பிகளையும் கேட்டு, 802.3 தரநிலை வரைந்து கொடுத்த ரிப்பீட்டர் நிலைமாற்ற வரைபடத்தைத் தன்னளவில் தானே நடத்துகிறது. தலைமைச் சில்லு என்று ஒன்று இல்லை. எல்லாச் சில்லுகளும் ஒரே செய்தியைக் கேட்பதால் எல்லாமே ஒரே நிலையில் இருக்கின்றன. முதன்முறை இதை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது, நான்காவது பெட்டியில் செருகிய ஒரே கணினி அனுப்பிய பாக்கெட்டுக்கு முதல் பெட்டியின் ஆக்ட்-என் கம்பி, பாக்கெட்டின் தொடக்கத்தில் வரும் 6.4 மைக்ரோநொடி நீளமுள்ள முன்னோட்டப் பிட்டுகள் ஓடி முடிவதற்குள்ளேயே அசைந்ததைக் கண்டு, வகுப்பு முடிந்த பிறகும் நெடுநேரம் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

தேர்ந்தெடுக்கப்பட்ட போர்ட் எது என்பதை முடிவு செய்யும் முறையும் எளிமையானது. ஒவ்வொரு சில்லுக்கும் ஏசிகே-ஐ என்ற உள்நுழைவும் ஏசிகே-ஓ என்ற வெளியேற்றமும் உள்ளன. ஒன்றின் வெளியேற்றம் அடுத்ததன் உள்நுழைவோடு இணைந்து, எல்லாச் சில்லுகளும் ஒரு சங்கிலியாகின்றன. சில்லுக்குள்ளே இருக்கும் போர்ட்டுகளும் அதே சங்கிலியின் கண்ணிகளே. ஏதேனும் ஒரு போர்ட்டில் சிக்னல் வந்ததும் அந்த இடத்தில் சங்கிலி துண்டிக்கப்படுகிறது. அதற்குக் கீழே இருப்பவை அனைத்தும், மேலே யாரோ முந்திக்கொண்டார்கள் என்பதை அறிந்து ஒதுங்குகின்றன. இரண்டு போர்ட்டுகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் சங்கிலியில் மேலே இருப்பது தேர்ந்தெடுக்கப்படும். இதனால் யாருக்கும் அநீதி நேர்வதில்லை, ஏனெனில் இருவரின் பாக்கெட்டுகளும் எப்படியும் சிதையப்போகின்றன. இருவரும் பின்வாங்கித் தற்செயலான இடைவெளிக்குப் பிறகு மீண்டும் முயல்வார்கள். ஆனால் பதிவுகளைப் படிப்பவர் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும்: மோதலின்போது தேர்ந்தெடுக்கப்பட்டதாகப் பதிவாகும் போர்ட், சங்கிலியில் மேலே இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கூட அவ்வாறு பதிவாகியிருக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் முதல் பெட்டியில் இருந்த ஆசிரியர் கணினிதான் எல்லா மோதல்களுக்கும் காரணம் என்று மாணவர் ஒருவர் பட்டியல் போட்டு நிறுவினார். பெட்டிகளின் வரிசையை மாற்றி அடுக்கியதும் அவருடைய பட்டியலும் மாறியது. அவர் செய்த தவற்றைவிட, அதை அவரே கண்டுபிடித்துத் திருத்திய விதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

இதே சிக்கலை அக்காலத்தில் மற்றவர்கள் எப்படி அணுகினார்கள் என்பதையும் ஒப்பிட வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்79சி980 என்ற சில்லில் எட்டு 10பேஸ்-டி போர்ட்டுகளும் வெளி இணைப்புக் கருவி மாட்டும் ஓர் ஏயூஐ போர்ட்டும் உண்டு. பல சில்லுகளைச் சேர்க்கும்போது, ஒவ்வொன்றும் எனக்குப் பேச்சு வந்திருக்கிறது என்று வேண்டுகோள் விடுக்கும். வெளியே தனியாக அமைக்கப்படும் நடுவர் சுற்று, ஒரே வேண்டுகோள் என்றால் அனுமதியையும், ஒன்றுக்கு மேல் என்றால் மோதல் அறிவிப்பையும் திருப்பி அனுப்பும். இது படிக்க மிகத் தெளிவான ஏற்பாடு. ஆனால் நடுவரைப் பெட்டி செய்பவர்தான் வடிவமைக்க வேண்டும். லெவல் ஒன் நிறுவனத்தின் ரிப்பீட்டர் சில்லுகள் வேறொரு வழியை எடுத்தன. ஒரே கம்பியில் மின்னழுத்தத்தின் மூன்று மட்டங்களை வைத்து, அமைதி, ஒருவர், பலர் என்ற மூன்றையும் சொல்லிவிடுவது அவ்வழி. ஒவ்வொரு பேச்சாளரும் கம்பியிலிருந்து ஓர் அளவு மின்னோட்டத்தை இழுக்க, இருவர் இழுத்தால் அழுத்தம் இன்னும் கீழே போகும். கம்பிகள் குறைவதால் கேபிள் மெலிதாகும் என்பது அதன் நன்மை. ஆனால் இழுக்கும் மின்தடைகள் துல்லியமாக இருக்க வேண்டும், பெட்டிகளுக்கு இடையே நில இணைப்பின் (எர்த்) மின்னழுத்த வேறுபாடு அதிகம் இருக்கக்கூடாது. பழைய கேபிள்களோடும் துருப்பிடித்த இணைப்பிகளோடும் போராடும் எங்களைப் போன்றவர்களுக்கு, ஆம் இல்லை என்று மட்டும் சொல்லும் ரிக் சில்லின் கம்பிகளே மேல்.

இனி நான் பெற்ற பயனைச் சொல்கிறேன். இந்த ஓராண்டில் இந்த அடுக்கு தன் விலையைத் திருப்பித் தந்தது ஒரு கேபிளால்தான்.

ஆய்வகத்தில் ஒரு நாள் எல்லாக் கணினிகளும் மெதுவாக வேலை செய்தன. பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்தன. ஆனால் மோதல்கள் வழக்கத்தைவிட மிகுதியாக இருந்தன. பேசுவதற்கு எவரும் இல்லாத மூன்றாவது பெட்டியின் ஆறாவது போர்ட்டில், வேறொருவர் பேசும்போதெல்லாம் பெறுதல் விளக்கு மின்னியது. அந்தப் போர்ட்டின் மறுமுனையில் இருந்த கணினி இயக்கத்தில் இருந்ததே தவிர, எதையும் அனுப்பவில்லை என்பதை அதில் பாக்கெட் பதிவு செய்து உறுதிப்படுத்திக்கொண்டோம். அப்படியானால் அந்தப் போர்ட்டில் வந்த சிக்னல் யாருடையது?

விடை, மாணவர்கள் கையால் முடித்த கேபிளில் இருந்தது. எட்டுக் கம்பிகளையும் இரு முனைகளிலும் ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். தொடர்ச்சியைச் சோதிக்கும் மலிவான கருவி, கேபிள் சரி என்றே சொன்னது. ஆனால் 3, 6 என்ற இரண்டு ஊசிகளும் ஒரே முறுக்கிணையைச் சேர்ந்த கம்பிகளாக இருக்க வேண்டும் என்ற விதியை அவர்கள் பார்க்கவில்லை. நிறங்களைத் தங்களுக்கு வசதியான வரிசையில் அடுக்கிவிட்டார்கள். அதனால் ஒரு சிக்னலின் இரு கம்பிகளும் இரண்டு வெவ்வேறு முறுக்குகளில் ஓடின. முறுக்கு தரும் பாதுகாப்பு போய்விட்டது. ஹப் அந்தப் போர்ட்டில் வெளியே அனுப்பிய சிக்னல், அருகிலேயே ஓடிய பெறும் கம்பியில் கசிந்து, போதிய வலிமையோடு திரும்பி உள்ளே வந்தது. ஹப்பின் பார்வையில், தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போர்ட்டிலிருந்து யாரோ பேசுகிறார்கள். அதாவது மோதல். யாரும் பேசாமலே நிகழ்ந்த மோதல்.

மோதல்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் சாதனமாக இருந்திருந்தால் இதை 48 கேபிள்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். போர்ட் அளவில் செயல்பாட்டைக் காட்டியதால் இரண்டு நிமிடத்தில் கேபிளின் மேல் விரலை வைக்க முடிந்தது. அந்தக் கேபிளை நான் எறியவில்லை. சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புதிய தொகுதி மாணவர்களுக்கும் அதைக் கொடுத்து, இதில் என்ன குறை என்று விளக்குகளைப் பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்கிறேன். புத்தகத்தில் மூன்று பக்கம் படித்தும் விளங்காதது, ஓயாமல் மின்னும் அந்த ஒரு விளக்கால் விளங்கிவிடுகிறது.

அன்று மோதல்கள் இன்னும் நெருக்கமாக வந்திருந்தால், சில்லு அந்தப் போர்ட்டைத் தானாகவே ஒதுக்கி வைத்திருக்கும். தொடர்ந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் மோதல்கள் வந்தாலோ, ஒரே மோதல் அளவுக்கு மீறி நீண்டாலோ, அந்தப் போர்ட்டிலிருந்து வருவதைக் கேட்பதை ரிப்பீட்டர் நிறுத்திக்கொள்ளும். அதற்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தாது. ரிக் சில்லில் அந்த எண்ணிக்கையை 31 என்றோ 63 என்றோ தேர்ந்தெடுக்கலாம். ஒதுக்கப்பட்ட போர்ட், மோதலின்றி ஒரு பாக்கெட் ஓடியதும் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படும். அனுப்பும் பாக்கெட்டை மட்டும் அதற்குச் சான்றாகக் கொள்ளலாமா, பெறும் பாக்கெட்டையும் கொள்ளலாமா என்பதற்கும் தேர்வு உண்டு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் இந்தத் தீர்மானத்தை எடுக்கும் பொறி தனித்தனியாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டாவது பெட்டியில் ஒரு போர்ட் ஒதுக்கப்பட்டாலும் மற்ற 47 போர்ட்டுகளும் எந்த மாற்றமுமின்றி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பெட்டிகளின் போர்ட்டுகளை வேண்டுமென்றே ஒரே கேபிளால் இணைத்து வளையம் உண்டாக்கிச் சோதித்தோம். வலையமைப்பு தடுமாறி நின்றது; பிறகு ஒதுக்கிவைப்பு நிகழ்ந்து, மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். வளையத்தைத் தடுக்கும் ஏற்பாடு எதையும் இயக்காத மலிவான ஸ்விட்சுகளில் இதே பிழையைச் செய்தால் ஒலிபரப்புப் பாக்கெட்டுகள் ஓயாமல் சுற்றும் என்பதை மாணவர்கள் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டார்கள்.

இவ்வளவு செய்திகளைச் சில்லு கொடுத்தும், பெட்டியைச் செய்தவர்கள் அதில் பாதியை வெளியே காட்டவில்லை என்பது என் முதல் குறை. ரிக் சில்லு ஒவ்வொரு போர்ட்டுக்கும் இணைப்பு, பெறுதல், மோதல், ஒதுக்கிவைப்பு என்ற நிலைகளைத் தனித்தனியாக வெளியே தருகிறது; நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் 74எல்எஸ்259 என்ற எளிய தாழ்சுற்று (லாட்ச்) சில்லுகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு வைக்கலாம். ஒரு சிறிய பாக்கெட் கம்பியில் ஓடும் நேரம் 57.6 மைக்ரோநொடிதான், கண்ணுக்குத் தெரியாது; எனவே கண் காணும் அளவுக்கு அதை நீட்டித்துக் காட்டும் பொறுப்பையும் சில்லே ஏற்கிறது. எங்கள் பெட்டியின் முன்பலகையிலோ போர்ட்டுக்கு இரண்டே விளக்குகள் இருக்கின்றன. ஒன்று பெறுதலுக்கு, மற்றொன்று இணைப்பு, ஒதுக்கிவைப்பு இரண்டுக்கும் பொதுவானது. மோதலுக்குப் பெட்டி முழுவதற்கும் ஒரே விளக்கு. எந்தப் பெட்டியில் மோதல் என்று தெரிகிறது, எந்தப் போர்ட்டில் என்று தெரிவதில்லை. சில விளக்குகளின் செலவை மிச்சம் பிடிக்கப்போய், சில்லின் மிகச் சிறந்த பண்பை மூடிக்குள் அடைத்துவிட்டார்கள். விடுமுறையில் ஒரு பெட்டியின் பலகையில் தாழ்சுற்றுகளையும் 12 சிவப்பு விளக்குகளையும் நானே சேர்த்துப் பற்றவைத்தேன். இப்போது அந்தப் பெட்டிக்குத்தான் மாணவர்களிடையே போட்டி.

பெறுதல் விளக்கு பெறுதலை மட்டும் காட்டுகிறது என்பதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஹப்பில் அனுப்புதலையும் அதே விளக்கில் காட்டினால், ஒருவர் பேசும்போது எல்லா விளக்குகளும் ஒன்றாக மின்னும். பார்க்க அழகாக இருக்கும், ஒரு பயனும் இருக்காது. இந்தப் பிழையைப் பல மலிவான ஹப்புகளில் கண்டிருக்கிறேன். வாங்கும் முன் ஒரு கணினியை மட்டும் செருகி ஏதேனும் ஒரு முகவரிக்குப் பாக்கெட்டுகளை அனுப்பிப் பாருங்கள். ஒரே விளக்கு மின்னினால் வாங்கலாம். எல்லாம் மின்னினால் விட்டுவிடுங்கள்.

நான்கில் ஒரு பெட்டியில் மேலாண்மை அட்டை இருக்கிறது, இந்த அடுக்கின் இரண்டாவது உயிர் அதுதான். பாக்கெட் ஓடி முடிந்ததும் ரிக் சில்லு அதன் வாலில் 7 பைட்டு நிலைக்குறிப்பைச் சேர்த்து மேலாண்மைப் பஸ்ஸில் அனுப்புகிறது. எந்தச் சில்லின் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது, எத்தனை பைட்டு, முந்தைய பாக்கெட்டுக்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு என்பவை அதில் உள்ளன. பாக்கெட்டின் முழு உடலையும் நினைவகத்தில் சேமிக்க வேண்டாம் என்று நேஷனலின் சோனிக் என்ற வலையமைப்புச் சில்லுக்குச் சொல்லும் ஏற்பாடும் உண்டு. தலைப்பும் வாலும் மட்டும் போதும், நடுவிலுள்ளதை விட்டுவிடலாம் என்பதால், மெதுவான பழைய செயலியாலும் முழு வேகத்தில் கணக்கெடுக்க முடிகிறது. முன்பு நான் சொன்ன, கணநேரத்தில் அழியும் அந்தச் செய்தியைப் பாக்கெட்டோடு சேர்த்துக் கட்டிப் பாதுகாக்கும் வேலையை இந்த 7 பைட்டுகள் செய்கின்றன.

அட்டை இதை எஸ்என்எம்பி என்ற வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை வழியாக வெளியே தருகிறது. ரிப்பீட்டர்களுக்கான மேலாண்மைப் பட்டியலை ஆர்எஃப்சி 1516 என்ற ஆவணம் 1993-இல் வகுத்தது. 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2108 அதை விரித்தது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு குழு, குழுவுக்குள் போர்ட்டுகள் என்ற ஏற்பாடு அடுக்கு ஹப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது. போர்ட்டுக்குப் போர்ட் நல்ல பாக்கெட்டுகள், சிதைந்தவை, மோதல்கள், தாமத நிகழ்வுகள், தானியங்கி ஒதுக்கிவைப்புகள் ஆகியவற்றின் எண்ணிக்கை கிடைக்கிறது. நான் மிகவும் பயன்படுத்துவது, ஒரு போர்ட்டில் கடைசியாகப் பேசிய முகவரியும் அது எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கையும்தான். ஒரு போர்ட்டில் ஒரே கணினி இருந்தால் முகவரி மாறாது. மாற்றங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அங்கே யாரோ இன்னொரு ஹப்பையோ ஸ்விட்சையோ மாட்டிவிட்டார்கள் என்று எழுந்து போய்ப் பார்க்காமலே சொல்லிவிடலாம். எண்ணிக்கைகளைச் சேகரிக்கும் நிரலை எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பைட்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணி, வலையமைப்பு நிறைந்து ஓடும்போது ஏறத்தாழ 58 நிமிடத்தில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். மணிக்கு ஒருமுறை படித்தால் போதும் என்று நினைத்தால் கணக்கு பிழையாகும். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கிறேன்.

பெட்டியின் குழு எண், அடுக்கில் அதன் இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு முறை மின்சாரம் போட்டதும் தானாக ஒதுக்கப்படுகிறது. சுத்தம் செய்வதற்காகக் கழற்றி, வரிசை மாறி அடுக்கிவிட்டால், மூன்றாவது பெட்டியின் பழைய பதிவுகள் இரண்டாவது பெட்டியின் கணக்கில் சேர்ந்துவிடும். தயாரிப்பு எண்ணோடு குழு எண்ணைக் கட்டி வைக்கும் வசதி இல்லாதது ஒரு குறையே. பெட்டிகளின் நெற்றியில் பெயிண்டால் எண் எழுதி வைத்திருக்கிறேன்.

சங்கிலி முறைக்கு அதன் இயல்பிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. நடுவில் இருக்கும் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினால் சங்கிலி அங்கே அறுந்துபோகிறது. மின்சாரம் இல்லாதபோது உள்நுழைவை வெளியேற்றத்தோடு நேரே இணைத்துவிடும் சிறு சுற்று இருந்தால் இது நேராது. எங்கள் பெட்டியில் அது இல்லை. இரண்டாவது பெட்டியின் மின்கம்பி தளர்ந்த ஒரு நாள் கீழே இருந்த இரண்டு பெட்டிகளும் பேசாமல் நின்றன. அவற்றின் இணைப்பு விளக்குகள் மட்டும் ஒன்றும் நடவாதது போல் எரிந்துகொண்டிருந்தன. கணினிகளுக்கும் ஹப்புக்கும் இடையே சுமார் 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓடும் இணைப்புத் துடிப்பு நலமாக இருந்ததால், விளக்கு அதைத்தான் காட்டியது. மின்சாரம் இருக்கும்போது அடுக்குக் கேபிளைக் கழற்றவும் கூடாது. கடைக்காரர் கேபிள்களைக் கொடுத்தார், கடைசிப் பெட்டியில் செருக வேண்டிய, மின்தடைகள் கொண்ட டெர்மினேட்டர் என்ற முடிப்பியைக் கொடுக்கவில்லை. கேட்டதற்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார். அது இல்லாமல் முதல் இரண்டு வாரம் காரணமற்ற மோதல்களோடு போராடினேன். பிறகு பலகையில் உள்ள மின்தடைகளை அளந்து, அதே இணைப்பியில் நானே ஒன்றைச் செய்துகொண்டேன்.

இவற்றை வாங்க நினைப்பவர்கள் தங்கள் கணினிகளையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஹப்பு 10 மெகாபிட் வேகத்தில், ஒருவர் பேச மற்றவர் கேட்கும் அரை இருவழியில் மட்டும் இயங்கும். சாதாரண கிகாபிட் அட்டைகள் பெரும்பாலும் இணைப்புத் துடிப்பைக் கண்டு தாமாகவே அந்நிலைக்கு இறங்கிவிடுகின்றன. 2.5 கிகாபிட் அட்டைகள் சிலவற்றிலும் 10 கிகாபிட் அட்டைகள் பலவற்றிலும் 10 மெகாபிட்டே இல்லை. அவற்றைச் செருகினால் விளக்கு எரியாது, ஹப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரேனும் அட்டையை முழு இருவழி என்று கையால் அமைத்து வைத்திருந்தால், அந்தப் போர்ட்டில் தாமத மோதல்களும் (அந்த 51.2 மைக்ரோநொடி கழிந்த பின் நேரும் மோதல்கள்) சிதைந்த பாக்கெட்டுகளும் கொட்டும். அதுவும் நல்ல பாடம்தான், அதையும் நான் வேண்டுமென்றே செய்து காட்டுகிறேன்.

மின்விசிறியின் இரைச்சல் அதிகம். நான்கும் ஓடும்போது குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். மின்வழங்கியில் இருந்த மின்தேக்கிகள் இரண்டு பெட்டிகளில் உப்பியிருந்தன, மாற்றினேன்.

கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ வலையமைப்பு ஆய்வகம் நடத்துபவர்கள், இரண்டு பெட்டிகளாவது அடுக்குக் கேபிளோடும் முடிப்பியோடும் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். மேலாண்மை அட்டை உள்ள பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாத அடுக்குக்கு நான் 1,500 ரூபாய்க்கு மேல் தரமாட்டேன். மூடியைத் திறந்து பார்க்கக் கடைக்காரர் அனுமதித்தால், நடுவில் 160 கால்களோடு இருக்கும் சதுரச் சில்லின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். டிபி83950 என்று இருந்தால், அதன் தரவுக் குறிப்பேட்டையும் தேடி எடுத்து அச்சிட்டுப் பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிரதியின் பஸ் நேரவரைபடப் பக்கங்கள் மாணவர்களின் பென்சில் குறிப்புகளால் நிறைந்துவிட்டன, அடுத்த தொகுதிக்கு இன்னொன்று அச்சிட வேண்டும்.